நொச்சித் தண்ணீரும் மிச்ச மாத்திரையும்

அத்தான்,

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து நொச்சியிலை கொதிக்கும் வாசனை வந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு டைபாய்டு விட்டுவிட்டதாம். தலைக்கு ஊற்றப் போகிறார்களாம். நல்ல செய்திதான். எனக்கோ, இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை வந்தால் உங்கள்மேல் கோபம்தான் வருகிறது. இறந்தவர்மேல் கோபப்படலாமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் நீங்கள் என்னைப் பேசவிட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் டைபாய்டு என்றால் வாய்க்கரிசிதான் என்று ஆவுடையார்கோவில் ஊரே பயந்துகொண்டிருந்தது. உங்களுக்கு அது வந்தபோது புதுக்கோட்டை டாக்டர், அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த கேப்சூலைக் கொடுத்தார். அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் உங்களிடம் ஒப்பித்தேன்: "காய்ச்சல் எறங்குறது வேற, கிருமி சாகுறது வேற. பாட்டில் காலியாகுற வரைக்கும் நிறுத்தக்கூடாது. வேற யாருக்கும் குடுக்கக்கூடாது."

காய்ச்சல் இறங்கியது. உடனே கொல்லையில் நொச்சித் தண்ணீர் கொதித்தது. தலைக்கு ஊற்றியாகிவிட்டால் நோய் போயிற்று. அதற்குமேல் மருந்தைத் தொடுவது போன நோயைத் திரும்பக் கூப்பிடுவது. இது உங்கள் சட்டம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லுடா தம்பி. படிச்சவன் சொன்னா அவுக கேப்பாக."

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். எனக்கு வாய்த்த குரல் அவ்வளவுதான்.

"ஏன் மாப்ளே, மழை விட்ட பெறகும் கொடைய விரிச்சுக்கிட்டுத் திரியச் சொல்றியா? அங்கிட்டுப் போயி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடு, போ."

வீடே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

மிச்சக் கேப்சூலை வண்டிக்காரர் கருப்பையாவிடம் தூக்கிக் கொடுத்தீர்கள். அவருக்கு முழங்கால் வலி! கிருமியைக் கொல்ல வந்த மருந்து முழங்காலை என்ன செய்யும்? கேட்டதற்கு, "ஒசந்த மருந்து மாப்ளே, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றீர்கள்.

காய்ச்சல் திரும்பி வந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "மிச்ச மருந்து எங்க?" என்றுதான். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மறுபடியும் மருந்து தொடங்கினார். அதற்குள் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

துக்க வீட்டுக்குக் கருப்பையா நொண்டிக்கொண்டே வந்தார். "தனக்கு வச்சிருந்த மருந்தையே எடுத்துக் குடுத்த மகராசன்!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கர்ணன் என்றார்கள் வந்தவர்கள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அது கொடை இல்லை, அத்தான். வீம்பு. அவள் வாழ்க்கையை எடுத்து ஒரு முழங்காலுக்குக் கொடுத்துவிட்டு வள்ளல் என்று பேர் வாங்கிக்கொண்டு போனீர்கள். பிறகு அவள் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பையன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். மாத்திரை முடிந்ததா என்று கேட்டேன்.

"காய்ச்சல்தான் விட்ருச்சே தாத்தா. மிச்சத்த எடுத்து வச்சிருக்கோம், யாருக்காச்சும் ஆகும்ல?"

"யாருக்கும் ஆகாதுடா! டாக்டர் நிறுத்தச் சொன்னாரா? இல்லேல்ல? எடுத்துட்டு வா இங்கிட்டு!"

என் குரலா அது என்று நானே திடுக்கிட்டேன். அடுப்படியிலிருந்து அவன் அம்மா ஓடிவந்தாள். பையன் உள்ளே ஓடிப்போய் மாத்திரையை எடுத்து வந்து, நான் பார்க்கப் பார்க்க விழுங்கினான். டாக்டர் சொன்ன வேளைக்கெல்லாம் இனி நான் போய் நிற்பேன். அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களைப் பார்த்துப் போட்டிருக்கவேண்டிய சத்தம் அது, அத்தான். கேட்பதற்கு அக்காதான் இல்லை.