ஓர் அடுப்புக்கான கட்டணம்

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வருடம் கழித்து எழுதுவதால், தேதியைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் வக்கீல் கடிதம் வந்தது. வீட்டில் பாதி உனக்கு. நடுவே அடைத்து, தனி வாசல், தனிச் சமையலறை. நான் மறுக்கவில்லை. மூன்று வருடம் முன்னால், அப்பா இறந்த மாதம், "உனக்கு இந்த வீட்ல என்ன இருக்கு?" என்று உன்னைக் கேட்டது நான்தான். அதற்கு இப்போது பதில் வந்திருக்கிறது.

மேஸ்திரி வந்து பார்த்தார். கூடத்துக்கும் அப்பா அறைக்கும் நடுவே உள்ள வாசலை அடைக்க ஒரு நாள் போதுமாம். "ஆனா பெர்மிட் இல்லாம கரண்டியைத் தொட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். நகராட்சிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொகையை எழுதி நீட்டினார். மேஸ்திரி கூலியைப் போல மூன்று மடங்கு. "இவ்வளவு எதுக்கு?" என்றால், "அட்டவணைப்படிதாம்மா" என்கிறார்.

இருபத்தெட்டு வருடமாக அதே மாதிரி ஒரு கவுண்டரில் உட்கார்ந்து ஊராருக்கு அனுமதி கொடுப்பவள் நீ. வாசலை அடைக்கச் சொன்னவளும் நீ. ஆகவே நீயே விளக்கு. படமும் படிவமும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரே கட்டணம் இல்லை, நான்கு சேர்ந்தது. விண்ணப்பத்துக்குச் சிறு தொகை. படத்தைச் சரிபார்க்கப் பரப்பளவுப்படி ஒன்று. வேலையின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று. கடைசியில் வைப்புத்தொகை. வேலை முடிந்து ஆய்வாளர் வந்து பார்த்ததும் அது திரும்பக் கிடைத்துவிடும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

தொகை ஏறியதற்குக் காரணம் இரண்டு. வாசலை அடைத்து, அந்தப் பக்கம் இரண்டாவது சமையலறையும் வந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது மராமத்து இல்லை, புது வீடு. அடுத்தது, உன் படத்தில் வீட்டின் பரப்பு 1023 சதுர அடி. ஆயிரத்தைத் தாண்டினால் விகிதமே வேறு. அப்பாவின் பத்திரத்தில் 960 என்றுதான் இருக்கிறது. மூன்று வருடத்தில் வீடு சதை போட்டுவிட்டதா? எதை வைத்து அளந்தாய்?

அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கல்கூட வைக்க விடாதே. வைத்தால் கட்டணம் இரட்டிப்பு.

இப்படிக்கு,
தங்கை

ஜூன் 18

அன்புள்ள குண்டூசிக்கு,

பழைய பெயரில் கூப்பிட்டேன். கோபம் வந்தால் கிழித்துப் போட்டுவிடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

எதை வைத்து அளப்பேன்? கழுத்தில் தொங்குகிற நாடாதான். நான்கு அறையையும் அளந்தேன், ஒவ்வொன்றும் பதினைந்துக்குப் பதினாறு அடி. அப்புறம் பக்கத்துக்கு மூன்று அங்குலம் தையலுக்கு விட்டுக் குறித்தேன். முப்பது வருடத் தையல்காரிப் பழக்கம். இறுக்கிப் பிடித்துவிட்டால் பிறகு பிரித்துவிட ஒன்றும் இருக்காதே என்ற பயம். வீட்டையும் ரவிக்கையையும் ஒன்றாக நினைத்திருக்கிறேன். வேறொரு வீட்டு வேலையில் இருந்த மேஸ்திரியிடம் சொன்னேன், சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இன்னொரு சந்தேகம். படிவத்தில் ஏழாவது கேள்வி: பிரிக்கும் பகுதியின் பயன்பாடு என்ன? விற்பனையா, வாடகையா, சொந்தக் குடியிருப்பா? மூன்றுக்கும் மூன்று விகிதம். விற்பனை என்று போட்டுவிடவா? வேறு யாரோ வந்து அப்பா அறையில் குடியிருக்கப்போகிறார்கள் என்று மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் தயாராகவில்லை. ஆனாலும் நீ சொல்கிறபடியே எழுதுகிறேன்.

உன் அக்கா

ஜூன் 27

அக்கா,

கிழிக்கவில்லை. வீட்டுக்குத் தையல் விட்ட கதையை அலுவலகத்தில் சொன்னேன். வரைபடப் பிரிவுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏழாவது கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. தினமும் எத்தனை பேருக்கு அதை நிரப்பிக் கொடுக்கிறேன். சொந்தக் குடியிருப்பு என்று எழுது.

செப்டம்பரில் ஓய்வு பெறுகிறேன். அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக வேறு இடம் இல்லை என்பதல்ல, போகத் தோன்றும் இடம் அது ஒன்றுதான். அப்பா படுத்திருந்தபோது நான் பணம் அனுப்பினேன், நீ பக்கத்தில் இருந்தாய். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். "என்ன இருக்கு?" என்று நீ கேட்ட பிறகு "வரட்டுமா?" என்று கேட்க வாய் வரவில்லை. உரிமை என்று கேட்டால் மறுக்கமாட்டாய் என்று வக்கீலிடம் போனேன். அவ்வளவுதான்.

தங்கை

ஜூலை 4

என் குண்டூசிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வக்கீலுக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்கியிருக்கலாம், மக்கு. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது நான். கேட்ட அன்றே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதை உனக்குச் சொல்ல மூன்று வருடம் ஆகிவிட்டது.

புதுப் படம் வைத்திருக்கிறேன். வாசலை அடைக்கவில்லை. இரண்டாவது சமையலறை இல்லை. அப்பா அறையை ஒட்டி ஐந்துக்கு ஏழில் உனக்கு ஒரு குளியலறை. தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டேன், அது இருந்த அறையும் உனக்குத்தான். மொத்தம் 995 சதுர அடி, தையல் விடாமல். கவுண்டர்காரர் பார்த்துவிட்டு, "இது சாதாரண மாற்றம்தாம்மா" என்று முதலில் சொன்னதில் கால் பங்குகூட எழுதவில்லை. ஆனால் உரிமையாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போட்டுவிட்டேன்.

உன் அக்கா

ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டணம் குறைய வேண்டும் என்று ஒரே வீடு, ஒரே சமையலறை என எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மூலையில் ரகசியமாக ஓர் அடுப்பை வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அபராதம் போட்டிருக்கிறேன். நாமும் ஆறு மாதத்தில் சண்டை போட்டு, நான் தனியாக அடுப்பு வாங்கினால் அது குற்றம். எழுதினால் அதன்படி இருக்க வேண்டும். அதனால் கையெழுத்துப் போடப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் யோசித்தேன். போட்டுவிட்டேன்.

குண்டூசி

ஆகஸ்ட் 29

என் குண்டூசிக்கு,

வேலை முடிந்தது. ஆய்வாளர் வந்து வீடு முழுக்கச் சுற்றினார். "அடுப்பு ஒண்ணுதானாம்மா?" என்றார். "ஒண்ணுதான்" என்றேன். "இருக்கப்போறது ரெண்டு பேருன்னு போட்டிருக்கே?" என்றார். "ஆமா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வைப்புத்தொகை அடுத்த வாரம் வருமாம். உன் கட்டிலுக்கு மெத்தை சொல்லியாயிற்று.

அந்த நடு வாசலுக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் உன் பக்கம் மட்டும். "உங்க பக்கமும் ஒண்ணு வெச்சிடட்டுமா?" என்று மேஸ்திரி கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். நீ சாத்திக்கொள்ள வேண்டிய நாள் வரும். சாத்திக்கொள்.

சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டுவேன். அப்போது மட்டும் திறந்துவிடு.

உன் அக்கா