ஆள் சொல்லும் ஞாயிறு

ஏப்ரல் 28, செவ்வாய்

வெயில். காலையிலேயே சுவர் சுடுகிறது. இந்த வாரம் வால்வு திறக்கும் முறை என்னுடையது. விடிவதற்குள் போய்த் திறந்துவிட்டேன். மோட்டார் காற்று வாங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் லாரித் தண்ணீர். பெரிய சண்டை. அங்கே வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டார்கள், ஒருவரைவிட ஒருவர் ஆழமாக. இப்போது எல்லா போரும் புழுதி. எங்கள் தெருவுக்கு ஒரே போர், ஒரே தொட்டி. ஆளுக்கு அரை டிரம். தெருவில் ஆள் கூடக் கூடாது. ஒருவர் போனால்தான் புதிதாக ஒருவர். காலியான இடம் முதலில் அந்த வீட்டுக்கே. அவர்களுக்கு வேண்டாம் என்றால் காத்திருக்கிறவருக்கு.

எல்லாம் என் மனைவி வசந்தா போட்ட சட்டம். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தாள். போன ஆடியில் இறந்துபோனாள்.

வாங்க: பால், கொசுவத்தி, பாத்ரூம் பல்பு. பல்பு மறந்தாச்சு.

ஏப்ரல் 30, வியாழன்

தங்கை கலை வந்தாள். செய்யாறில் புருஷன் வீட்டிலிருந்து, ஒரே ஒரு பையோடு. சித்ரா பௌர்ணமி, கிரிவலத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தெருவும் அப்படித்தான் நினைத்தது. எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள். பௌர்ணமி விருந்தாளி ஆள் கணக்கில் வராது. ஆனால் வீட்டில் குளிக்கக் கூடாது. இதுவும் வசந்தாதான். பெற்ற அம்மாவையே காசு கொடுத்து வெளியில் குளித்துவிட்டு வரச் சொன்னவள். மாமியார் ஒரு வருடம் பேசவில்லை.

எதிர்வீட்டு ஜெயந்தி அக்கா: "நடக்க வந்தியா கலை? செருப்ப வீட்லயே உட்டுட்டுப் போ. அங்க கழட்டுனா காணாப் போயிடும்."

கலை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கடையில் ஜெராக்ஸ் மெஷின் மறுபடி பேப்பர் கடிக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரே கடை வைத்தவனுக்கு வேறு விதியில்லை.

மே 1, வெள்ளி

ஊர் பிதுங்குகிறது. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு ராத்திரிக்கு இத்தனை பேரும் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், போகிறார்கள். எங்கள் தெருமுனையில் முறை போட்டு ஆள் நிற்கிறோம், தொட்டிக் குழாயை யாரும் திறந்துவிடாமல்.

கலை நடக்கப் போகவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடந்தாள். சாயங்காலம் சொன்னாள்.

"நான் திரும்பிப் போவலண்ணா."

முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றிய தடம். யார் என்று கேட்கவில்லை.

"இங்கயே இரு" என்றேன்.

"உங்க தெருவுல ஆள் கணக்கு இருக்குதே. அண்ணி எவ்ளோ கறாரு. ஒரு ஆள் ஜாஸ்தின்னா சொல்லிடு, ஹாஸ்டல் பாத்துக்கிறேன்."

"ஜாஸ்தி இல்ல."

ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லை. இருவரும் அப்படியே சாப்பிட்டோம். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஆடியிலிருந்து எதுவுமே வருவதில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

மே 2, சனி

நாளைக்கு ஆள் சொல்ல வேண்டும்.

பௌர்ணமி கழிந்த ஞாயிறு, வீட்டுக்கு ஒருவர் தொட்டியடியில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று வாயால் சொல்வது. எழுதி வைப்பது கிடையாது. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது என்பாள் வசந்தா.

எனக்கு வந்தது. அவள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் "ரெண்டு" என்றேன். யாரும் திருத்தவில்லை. அடுத்த மாதமும் அதே. தலைதிவசம் வரைக்கும் விட்டுவிடலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். அவள் பங்கு அரை டிரம் தினமும் வருகிறது. கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். மரம் மாடியைத் தொடுகிறது.

மத்தியானம் ஜெயந்தி அக்கா இட்லி மாவோடு வந்தார். கொடியில் கலையின் புடவைகள்.

"இன்னும் ஊருக்குக் கிளம்பலியா?"

"இல்லக்கா. இனிமே இங்கதான்."

அக்கா கொடியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "நல்லதும்மா. உங்கண்ணனும் தனியாத்தான் கெடந்தாரு" என்றார்.

அவர் மருமகளுக்கு ஏழாம் மாதம். தெருவில் மகனுக்கு இடம் இருக்கிறது, மருமகளுக்கு இல்லை. செங்கம் ரோட்டில் மாடியில் ஒற்றை அறை எடுத்து அவளை வைத்திருக்கிறான், ராத்திரி மட்டும் துணைக்குப் போகிறான். செங்குத்துப் படி. பிரசவத்துக்குப் போக அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. பால் குடிக்கும் குழந்தைக்குக் கணக்கு கிடையாது, தாய்க்கு மட்டும் ஓர் இடம் வேண்டும். ஆடி கழிந்தால் என் வீட்டில் காலியாகும் என்று அக்கா காத்திருக்கிறார். என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாசல் வரை போய்ச் சொன்னேன். "அக்கா, ஒரே ஒரு ஆள் சேத்துக்கலாம்னு நாளைக்கு எல்லார்கிட்டயும் கேக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. எனக்கு உட்டா மேல் வீட்டுக்காரரு கேப்பாரு. அப்புறம் அந்தத் தெரு மாதிரி நாமளும் லாரி பின்னாடி ஓடணும். வசந்தா இருந்தா ஒத்துக்குவாளா?"

ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மாவு புளிப்பு. தோசைக்கு ஆகும்.

மே 3, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

தொட்டியடியில் எல்லோரும். கலை என் பின்னால், சுவரோரம். வாத்தியார் வீட்டில் அஞ்சு. மேல் வீட்டில் மூணு. என் முறை.

"ரெண்டு" என்று வழக்கம்போல் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பொய்கூட இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வசந்தா இல்ல. செத்துப்போயிட்டா. நானும் என் தங்கச்சி கலையும். ரெண்டு பேர்."

அந்த வார்த்தையை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அழுகை வரும் என்று கொஞ்சம் நின்றேன். வரவில்லை. வாத்தியார், "சரிப்பா, சரி" என்றார்.

அடுத்தது ஜெயந்தி அக்கா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்ல நாலு" என்றார். "அதே நாலு பேருதான்."