அஞ்சலை அக்காவின் வலது கை

மார்ச் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போட்டுப் போனேன். பராமரிப்பு இல்லத்தில் இன்று என் பங்குக்கு ஆறு பேர். கை கால் மடக்கி நீட்டும் பயிற்சி, மூட்டுக்குப் பத்துத் தடவை. எட்டாம் கட்டில் சீனப் பெரியவர் பாதியில் தூங்கிவிட்டார். கால்கள் மட்டும் முடிந்தன.

அஞ்சலை அக்கா: தோள் 10, முழங்கை 10, மணிக்கட்டு 10, விரல் 10. அப்புறம் அவராகவே அந்த வலது கையை வாய்ப் பக்கம் கொண்டுபோனார். தாடை வரை! பக்கவாதம் வந்து நாலு மாதம். இடது கையால் சோற்றைத் தொடவே மாட்டார். ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார், அவ்வளவு வெட்கம். தானாகச் சாப்பிட்டால் வீட்டுக்கு அழைத்துப் போவதாக மகள் மாலதி வாக்குக் கொடுத்திருக்கிறாள். வேலைக்குப் போகிறவள். பகலில் ஊட்ட ஆளில்லை.

இன்னும் இரண்டு விரற்கடைதான்.

மார்ச் 7, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்க: சோப்பு, கொசுவத்தி, அரை கிலோ வெங்காயம்.

லகாட்டிலிருந்து மாலதி வந்தாள். சனி ஞாயிறு அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, பக்கத்து கம்போங்ல ஊருட் போடுறவரு ஒருத்தரு இருக்காரு. எண்ணெய் போட்டுப் பிடிச்சுவிட்டா கை சீக்கிரம் வந்துரும்ங்கிறாங்க. போடலாமா?"

டாக்டரம்மா தோரணையில் பதில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு வாதம் வந்தாலும் ஊருட் போடாமல் விட்டதில்லை, போடுங்கள், மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று. இங்கே என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

புழுக்கம். அக்கா வந்து இறங்கியதுமே தெரிந்துவிட்டது. தோள் வீங்கி, கை தொங்கிக் கிடக்கிறது. அந்த ஆள் கையைத் தலைக்கு மேலே தூக்கி இழுத்தாராம். அக்கா கத்தியிருக்கிறார். வலித்தால்தான் நரம்பு திறக்கும் என்றாராம்.

வாதம் வந்த தோளை இழுக்கக் கூடாது. பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரியும். மாலதியிடம் சொல்லத்தான் தோன்றவில்லை. எந்தப் புத்தியில் இருந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். மூட்டு நழுவியிருக்கிறது. கையைத் துணியில் கட்டியாயிற்று, ஆறு வாரம். தோளைத் தொடவே கூடாது. விரல் மட்டும்.

பெரிய மிசி, எங்கள் தலைமை நர்ஸ், கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார், யாரைக் கேட்டு ஊருட் போட்டீர்கள் என்று. மாலதி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து போர்வையை எடுத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நாந்தான் மிசி கேட்டேன். மக வேணாம்னுதான் சொன்னா."

திட்டெல்லாம் அவருக்கு. இத்தனை வயதாகியும் புத்தி வேண்டாமா என்று. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்த போர்வையையே திரும்பத் திரும்ப. வேலை போய்விடும் என்ற பயம். சீ, என்ன பிறவி நான்.

மார்ச் 13, வியாழன்

மழை. பஸ் இல்லை, நனைந்துகொண்டே நடை. தலைவலி.

மாலதி நேற்று போன் செய்தாளாம். அம்மா அங்கேயே இருக்கட்டும், இனி தன்னால் முடியாது என்று. வீட்டில் வாங்கிப் போட்ட கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள். அக்காவிடம் மிசியே சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. சரி என்றாராம்.

காலையில் விரல் பயிற்சி. உள்ளங்கையைத் திறக்க முடியவில்லை. நாலே நாளில் இப்படி இறுகிவிட்டது. நகம் பதிந்து தோலில் தடம். மூன்றாவது விரலுக்குப் போவதற்குள், போதும் என்று சொல்லிவிட்டார். நாலு மாதத்தில் அவர் போதும் என்று சொன்னதே இல்லை.

மதியம் ஊட்டினேன். நாலு வாய். கண்ணை மூடவில்லை இன்று. சுவரைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் போடச் சொன்னேன், பெரிய மிசியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னா கை வந்துருமா? உன் வேலையும் போயிரும். அப்புறம் எனக்கு யாருலா ஊட்டுவா?"

பிறகு வாயைத் துடைத்துவிடச் சொன்னார். துடைத்துவிட்டேன்.