டொமினிக் நாளில் தரையில் உட்கார்ந்தவர்கள்

சேசு மரி சூசை

நீலசந்திரா, பெங்களூர்
திங்கட்கிழமை

அன்பு மகன் டேரிலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை டீனாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமென்று நம்புகிறேன் என எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நேற்று உன்னைப் பார்த்துவிட்டேனே. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், டீனா படம் பிடித்து அனுப்புவாள்.

இங்கே மழை. தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தொம்மலூர் ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள் டீனா படாத பாடு படுகிறாள். எனக்கு மூட்டுவலி அப்படியே. சரி, நேற்றைய விஷயம். அப்பாவின் பிறந்த நாளை இனி வருஷா வருஷம் டொமினிக் நாள் என்று கொண்டாட பூத்தோட்டத் தொழிலாளர் சங்கமும் பஞ்சாயத்தும் முடிவெடுத்தது உனக்குத் தெரியும். முதல் விழா ஆனேக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். அப்பா படம், ஆள் உயரம். சிரிப்பு மட்டும் அவருடையது இல்லை, கம்ப்யூட்டரில் பல்லை வெள்ளையாக்கிவிட்டார்கள். ரோஜாத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். சரசு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னக்கா, அண்ணன் உசுரோட இருந்தப்ப போலீஸ் ஜீப்புல ஏத்துனாங்க, இப்ப பாரு, ஏசி ஹால்ல மேடை போட்டு ஏத்தியிருக்காங்க என்றாள். சிரித்துவிட்டேன். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள், பூ வெட்டுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிக் கொடுத்தவர் என்று. நேற்றும் ஞாயிறுதான்.

சங்கச் செயலாளர் நாராயணசாமி மைக்கில், அண்ணன் மகன் போர்ச்சுகல்ல பெரிய பழக் கம்பெனியில சூப்பர்வைசர், இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாரு என்று சொல்லி உன்னைத் திரையில் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் என்று நீ சொல்லித்தானே எங்களுக்கும் தெரியும். உன் முகம் பெரிதாக வந்தது. கறுத்து, கன்னம் ஒட்டி. பின்னால் பிளாஸ்டிக் கூரை, வரிசையாகப் பழப் பெட்டிகள். எங்க அப்பா என்று ஆரம்பித்தாய். அதற்குள் யாரோ ஒருவன் கத்தினான். பாஷை புரியவில்லை. கத்தியது புரிந்தது. நீ சட்டென்று போனைக் கீழே இறக்கினாய், அணைக்க மறந்துவிட்டாய். மண் அப்பிய உன் பூட்ஸ் தெரிந்தது, எதிரில் அவனுடைய ஷூ. ஸாரி சார், ஒன் மினிட் சார், மை ஃபாதர் சார் என்று உன் குரல். பிறகு திரை இருண்டது.

மேடையில் இருந்தவர்கள் நெட்வொர்க் பிரச்சினை என்றார்கள். பூ வெட்டும் பெண்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சரசு மெதுவாக, சூப்பர்வைசர் இல்லக்கா, நம்மாளு என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்பா ஏற்படுத்திய வழக்கம் உனக்குத் தெரியாததா, தோட்டத்தில் ஒருத்தியைத் திட்டினால் மற்ற எல்லோரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், கோஷம் கிடையாது, திட்டியவன் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். நாற்காலியெல்லாம் காலி. பஞ்சாயத்து அதிகாரி, சாப்பாடு தாமதமானதற்குத்தான் உட்கார்ந்துவிட்டார்கள் என்று பயந்துபோய், ஊட்டா ரெடி இதெ, ஐது நிமிஷா, பிரியாணி பர்த்தா இதெ என்று கன்னடத்தில் கெஞ்சினார். யாரும் அசையவில்லை. நானும் உட்கார்ந்தேன், வலிக்கிற மூட்டை மடக்கிக்கொண்டு. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் எங்கேயோ அல்லவா இருக்கிறான். எவ்வளவு நேரம் உட்காருவது? கடைசியில் சரசுதான் என்னைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள். மன்னிப்பு வாங்காமல் சங்கம் எழுந்தது நேற்றுதான் முதல் தடவை.

நீ இதைப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். பொய் சொன்னாயே என்று கோபம் இல்லை மகனே. காலையில் பூசைக்குப் போனேன், ஜெபம் சொல்ல வாயெடுத்தால் நீ சொன்ன அந்த சார், சார்தான் கேட்கிறது, பாதியில் வந்துவிட்டேன். ஒன்று சொல்கிறேன், கேள். ரோஷப்பட்டு நீ மட்டும் தனியாக உட்கார்ந்துவிடாதே. தனியாக உட்கார்ந்தவளை அப்பாவாலும் காப்பாற்ற முடிந்ததில்லை, மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். உன் வரிசையில் பறிப்பவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், யாரோடு சாப்பிடுகிறாய்? பாஷை தெரியாவிட்டால் என்ன, பெயரையாவது கேட்டு வை. கையில் கீறல் இருந்தால் மண் படாமல் பார்த்துக்கொள்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக, மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இதற்கு நீளமாகப் பதில் எழுத வேண்டாம், நல்லா இருக்கேம்மா என்றும் எழுத வேண்டாம். பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, அவன் கையில் இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

உன் அம்மா,
பிரிஜெட்