லிஃப்டுக்காரன் போட்ட பிரேக்

மார்ச் 3, திங்கள்

இன்று இரண்டு கட்டிடம். ஒன்றில் லிஃப்ட் கதவு மூடவில்லை, மற்றதில் திறக்கவில்லை. இரண்டு இடத்திலும் திட்டு எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் மச்சினியும் டேப்லெட்டை நடுவில் வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காபியை நானே போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மனைவி மூன்று வருடமாகப் பார்லரில் கிடைக்கிற டிப்ஸை எல்லாம் கிரிப்டோவாக வாங்கிச் சேர்த்திருக்கிறாள். இன்னொருத்தி கடையில் நின்று கால் வீங்கியது போதும், சொந்தமாக இரண்டு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் வாடிக்கையாளர் தலையில் டை பூசிக்கொண்டே விலையையும் பார்க்க முடியவில்லையாம். அதனால் மச்சினி ஒரு ஏஐ உதவியாளரை, காயின் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சோடு இணைத்துக் கொடுக்கிறாள். விலையை அது பார்க்கும். வாங்கலாமா, விற்கலாமா என்று கேட்கும். இவள் 'சரி' என்றால் செய்யும்.

"கேக்காம வித்துட்டா?" என்றேன்.

"கேக்காம ஒண்ணும் பண்ணாது மாமா. அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம்" என்றாள் மச்சினி.

எக்ஸ்சேஞ்ச் ஒரு சாவி தருகிறது. இரும்புச் சாவி இல்லை. இரண்டு வரி நீளத்துக்கு எழுத்தும் எண்ணும். அதற்குக் கீழே மூன்று கட்டம். கணக்கைப் பார்க்கலாம், வாங்கி விற்கலாம், பணத்தை வெளியே எடுக்கலாம். முதல் இரண்டுக்கு மட்டும் டிக். மூன்றாவது கட்டத்தை மனைவி இன்னொரு கையால் மூடிக்கொண்டே டிக் போட்டாள், தவறிப் பட்டுவிடக் கூடாதாம். பார்க்கப் பெருமையாக இருந்தது. என்னோடு பதினேழு வருடம் குடித்தனம் செய்ததற்கு இந்த ஒரு புத்தியாவது ஒட்டியிருக்கிறதே.

மார்ச் 5

அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. கணக்குப்பிள்ளை.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனக்கு முடி வெட்டுவது அவள்தான். பால்கனியில் ஸ்டூல் போட்டு, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றி. கத்தரி ஓடும்போது வாயும் ஓடும், ஆடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும், தப்பிக்க வழியில்லை.

கடை பார்த்துவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூலைக்கடை, இரண்டு பக்கமும் கண்ணாடி. மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். காயின் விலை இப்போது இருக்கிறபடி இருந்தாலே போதுமாம், இருபத்தெட்டாம் தேதி விற்றுக் கொடுத்துவிடலாமாம்.

"அதுக்குள்ள எறங்கிட்டா?"

"எறங்கும், ஏறும். நீங்க தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்."

டேப்லெட் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். இப்படிப் பப்ளிக்காக ஒட்டலாமா என்று கேட்டேன். "வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேரு. நமக்குள்ள என்னங்க ஒளிவுமறைவு?" என்றாள்.

மார்ச் 14

காலையில் விலை இறங்கியது. அவள் பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, "அட, சளி பிடிச்சிருக்கு" என்று சிரிக்கிறாள். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். ஓர் அடி எடுத்து வைக்க முடியாத நாளிலும் நின்று நின்று சேர்த்த காசு. மூன்று வருடத்துக் கால்வலி அங்கே நம்பராக ஓடிக்கொண்டிருக்கிறது, அவளுக்கானால் சிரிப்பு!

மாலையில் ஏறிவிட்டது. காலையில் தள்ளி வைத்த இட்லி மட்டும் எனக்கு நஷ்டம்.

மார்ச் 16, ஞாயிறு

பார்லரில் கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டாள். டேப்லெட் மேசைமேல் இருந்தது, பாஸ்வேர்ட் ஃபிரிட்ஜில் இருந்தது.

எங்கள் தொழிலில் கவர்னர் என்று ஒன்று உண்டு. கேபின் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் அது யாரையும் கேட்காது. கயிற்றைக் கவ்வும், ஆப்பு தண்டவாளத்தைக் கடிக்கும், கேபின் இருந்த இடத்தில் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள், ஆனால் உயிரோடு இருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் நம்பியது அந்த ஒன்றைத்தான். இவள் காசுக்கு மட்டும் அது இல்லாமல் இருக்கலாமா?

கணக்குப்பிள்ளையிடம் எழுதினேன்: ஒரு மணி நேரத்தில் எட்டு சதவீதம் இறங்கினால் எல்லாவற்றையும் விற்றுவிடு. யாரையும் கேட்க வேண்டாம்.

அது மரியாதையாகவே பதில் சொன்னது. சில நாள் விலை சடக்கென்று விழுந்து உடனே எழுந்துவிடும், அப்போது அடிமட்ட விலைக்கு விற்க நேரலாம் என்றது. பிறகு கேட்டது: கேட்காமல் எதையும் விற்கக் கூடாது என்று முன்பே ஒரு விதி இருக்கிறது, அதை எழுதியவருக்கு இந்த மாற்றம் தெரியுமா?

தெரியும் என்று எழுதினேன்.

அவள் நல்லதுக்குத்தானே. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 17

சொல்லவில்லை. தூங்கிவிட்டாள்.

மார்ச் 18

இன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்?

மார்ச் 19, புதன்

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு நான் லிஃப்ட் குழியில் இருந்தேன். போன் வந்தது. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "என்னங்க, எவனோ சாவியத் திருடிட்டான். எல்லாத்தையும் வித்துட்டான். நாந்தான் எங்கயோ தப்பா டிக் போட்டுட்டேன் போல..."

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. திருடனும் இல்லை, ஒருவனும் இல்லை. நான் போட்ட பிரேக். வாயைத் திறந்தேன், வந்த வார்த்தை "பதறாத, வரேன்" என்பதுதான். சீ.

நடந்தது இருபது நிமிடக் கூத்து. விலை சரசரவென்று சரிந்தது. எட்டைத் தொட்டதும் கணக்குப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல் விற்கத் தொடங்கியது. அவளிடம் இருப்பதில் பாதி, அதிகம் பேர் வாங்காத ஒரு சின்னக் காயின். விற்க விற்க அதன் விலை இன்னும் இறங்கியது. முழுவதும் விற்று முடிந்தபோது ஐந்தில் ஒரு பங்கு காணவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு விலை பழைய இடத்துக்கே ஏறி ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் அவள் சோபா நுனியில் இருந்தாள். பழைய சாவியை அழித்துவிட்டாள். நகத்தில் யாருடைய தலைச்சாயமோ காய்ந்திருந்தது. "பெரிய இவளாட்டம் மிஷின் கைல குடுத்தேன்ல, எனக்கு வேணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். செய்ததும் இந்தக் கைதான், தடவுவதும் இந்தக் கைதான். சொல்லுடா என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். நான் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

மச்சினி வந்தாள். டேப்லெட்டைத் திறந்து என்ன நடந்தது என்று வரிவரியாக மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, சின்னக் குரலில் சொன்னாள்: "மாமா, நான் இன்னும் எதையும் பாக்கல. நீங்களே சொல்லிடுங்க."

தண்ணீரோடு வந்தவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கவர்னர் கதையைக்கூட.

அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். "நஷ்டத்துக்கு நான் அழலைங்க. எனக்குத் தெரியுமான்னு அது கேட்டிருக்கு. ஒரு மிஷினுக்கு அது கேக்கணும்னு தோணியிருக்கு. நீங்க ஆமான்னு சொல்லியிருக்கீங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 20

ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு இல்லை.

மார்ச் 23

பேச்சு உண்டு. ஆனால் என்னோடு இல்லை. "சாப்பாடு மேசைல இருக்கு" என்று சுவரிடம் சொல்கிறாள். "கேஸ் தீரப்போகுது" என்பது ஜன்னலுக்கு. நான் ஜன்னல் சார்பாகப் போய் சிலிண்டர் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

முடி வெட்டும் நாள். நானே ஸ்டூலை எடுத்துப் பால்கனியில் போட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். துவைத்த துணியைக் கொடியில் போட்டாள். போய்விட்டாள். என்மேல் ஒரு பாவாடை சொட்டிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 1

மூலைக்கடையை மொபைல் ரிப்பேர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டாராம். கடைச் சொந்தக்காரர் தினமும் கேட்டுப் பார்த்திருக்கிறார், இவளால் அட்வான்ஸைப் புரட்ட முடியவில்லை. வேறு கடைக்கு ஆகட்டும், என் பைக்கை விற்கிறேன் என்றேன்.

"ஒண்ணும் வேணாம். பைக்க வித்துட்டு நீங்க பஸ்ல நசுங்கிட்டுப் போறத என் கடைக் கண்ணாடி வழியா நான் பாக்கணுமா?"

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம், என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. திட்டுதான். இருந்தாலும் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் ஒல்லி, "என்னண்ணே, தனியா சிரிக்கறீங்க, தலைய வேற சிங்கமாட்டம் வளத்திருக்கீங்க" என்று கேட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவளாகவே ஸ்டூலைப் போட்டாள். ஒரு பக்கம் முழுவதும் வெட்டி முடித்தாள்.

பிறகு, "அந்தக் கவர்னர் எப்படி வேல செய்யும், சொல்லுங்க" என்றாள். சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உங்க லிஃப்டு எங்க நின்னாலும் கீழ தரை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வெலைக்குத் தரையும் கெடையாது, மொட்டை மாடியும் கெடையாதுங்க. நடுவுல நிறுத்துனா நிக்கிறது நாம மட்டுந்தான். அது பாட்டுக்குப் போயிடும்."

"புரியுது."

"அது புரியாட்டிப் பரவாயில்ல. எங்கிட்ட சொல்லியிருந்தா நாம சண்ட போட்டிருப்போம். அந்தச் சண்டைய எனக்குக் குடுக்காம விட்டுட்டீங்க."

மன்னிச்சிடு என்றேன். பதினேழு வருடத்தில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், பெரும்பாலும் சாப்பாடு ஆறிவிடுமே என்று சொன்னது. இன்று அழுதுகொண்டே சொன்னேன். கழுத்தில் ஒட்டிய முடியை ஊதிவிட்டு, "மூக்க உறிஞ்சாதீங்க, கத்தரி கோணுது" என்றாள்.

ஏப்ரல் 20

மச்சினி வந்து புதுச் சாவி போட்டுக் கொடுத்தாள். மிச்சப் பணத்தில் பாதிக்கு மறுபடி காயின் வாங்கியாயிற்று, பாதி சும்மா இருக்கிறது. ஒரு விதி புதிது: வாங்குவதோ விற்பதோ, இனி இரண்டு பேரும் 'சரி' சொன்னால்தான் நடக்கும். அவள் போனில் ஒரு கேள்வி, என் போனில் ஒரு கேள்வி. எனக்கு எதற்கு என்றேன். "கேட்டாத்தான உங்களுக்கு வயிறு அடங்கும்" என்றாள்.

என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவள் ஏதோ நீளமாக எழுதினாள். மச்சினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். காட்டவில்லை.

மே 12, திங்கள்

காலை பத்தே முக்கால். நான்காவது மாடிக்கும் ஐந்தாவதற்கும் நடுவில், கேபின் தலைமேல் உட்கார்ந்து உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. கணக்குப்பிள்ளை.

'உங்கள் மனைவி ஒரு கடை பார்த்திருக்கிறார். ஒரே நாற்காலி போடும் இடம், மாடிப்படிக்குப் பக்கத்தில், தண்ணீர் வசதி உண்டு. அட்வான்ஸுக்காகக் கையில் இருக்கும் காயின் எல்லாவற்றையும் இன்று விற்க விரும்புகிறார். இது விலை விழுந்ததற்காக விற்பது அல்ல. அவசரமும் இல்லை, நீங்கள் மதியம் வரை யோசிக்கலாம். இப்போது விற்றால் தேவையான தொகை கிடைத்துவிடும். இன்றைய விலை இந்தச் செய்தியின் அடியில் இருக்கிறது. உங்களுக்குச் சரியா?'

போன மாதமே ஒரு நாற்காலிக் கடை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இன்று பேசி முடித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சந்தேகம். அவளிடம் இது எப்போதும் முதல் வரியிலேயே விலையைச் சொல்லும் ஆசாமி. எனக்கு மட்டும் ஏன் இத்தனை சமாதானம்? கேட்டே விட்டேன்.

உங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது, நீங்கள் கேட்டால் காட்டலாம் என்று அனுமதியும் இருக்கிறது என்றது. காட்டியது. அவள் எழுதியது, ஏப்ரல் இருபது:

'இவர் என் வீட்டுக்காரர். பயந்த சுபாவம், ஆனா பயமெல்லாம் எனக்காகத்தான். இவர்கிட்ட முதல்ல காரணத்தைச் சொல்லு, அப்புறம் விலையைச் சொல்லு. அவசரப்படுத்தாதே. வேண்டாம்னு சொன்னா வித்துடாதே, என்கிட்ட வந்து சொல்லு, நான் பேசிக்கறேன். அன்னைக்கு இவர் பேச்சைக் கேட்டதுக்கு உன்மேல எனக்குக் கோபம் இல்லை. நானா இருந்தாலும் இவர் சொன்னா நம்பியிருப்பேன். இனிமேலும் நம்பு.'

கேபின்மேல் உட்கார்ந்தபடியே இன்னொரு முறை படித்தேன். கீழிருந்து ஒல்லி, "அண்ணே, எறக்கவா?" என்று இரண்டு முறை கத்தினான்.

சரி என்று அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, அதுக்குள்ளயா? படிச்சுப் பாத்தீங்களா, இல்ல சும்மா அமுக்கிட்டீங்களா?"

"படிச்சேம்மா" என்றேன். "ரெண்டு தடவ."