மிஷின் ரிப்பேர்க்காரன்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் எட்டு வருஷமாக உன்னை மிஷின் ரிப்பேர்க்காரன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். தகரத்தை அடிப்பான், சுவரில் படம் ஓடும் என்றால் யாருக்குப் புரியும்? எனக்கே புரியவில்லை.

நேற்று பேப்பரில் உன் படம் வந்து குட்டு உடையப் பார்த்தது. இரண்டு கையிலும் குச்சி, முன்னால் வாஷிங் மிஷின் உருளை. சூப்பர்வைசர் அம்மா, "ரிப்பேர் பண்றவன் எதுக்கு அதைப் போட்டு அடிக்கிறான்?" என்று கேட்டார்.

"சில மிஷின் அடிச்சாத்தான் ஓடும்" என்று சமாளித்தேன்.

கோபமா? ஒழுங்காகச் சாப்பிடு. ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரி நிற்கிறாய்.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. கொஞ்சம் வலித்தது. உங்கள் கூடத்தில் கழித்துப்போட்ட அந்த உருளையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தவளே நீதான். என் முதல் வாத்தியம் அது.

பதினாறாம் தேதி மாலை நான்கு மணிக்குப் பெரிய அரங்கில் வாசிக்கிறேன். எங்கும் மைக். சத்தம் கேட்டால் விளக்கு எரியும், சுவரில் படம் அசையும். கடைசி ஒரு நிமிடம் அடிக்க மாட்டேன். முழு இருட்டு. அந்த இருட்டுக்காக இரண்டு வருஷம் உழைத்திருக்கிறேன்.

ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் உனக்குத் தலைவலி. முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். இதற்கும் வராவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன்.

தம்பி


மார்ச் 17

என் தம்பிக்கு,

தலைவலியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். டிக்கெட் கிழித்தவரிடம், அவர் கேட்காமலேயே, "அடிக்கிறவன் என் தம்பி" என்றேன். பின்வரிசைக்கும் சொன்னேன்.

நீ உருளையில் ஒரு அடி வைத்தாய். சுவர் முழுக்க வெள்ளைத் துணி பறந்தது. எங்கள் கூடத்தில் காயப்போடுகிற அதே துணி. என்னோடு வந்திருந்த சூப்பர்வைசர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் ரிப்பேர்க்காரன் இல்லடி" என்றார்.

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றேன்.

அப்புறம் உன் இருட்டு. முந்நூறு பேர் மூச்சுக்கூட விடவில்லை. இத்தனை பேர் வாயை அடைத்தவன் என் தம்பி என்று நினைத்ததும் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

மடியில் சாவிக்கொத்து இருந்தது.

எல்லா விளக்கும் எரிந்தன. நீ என்னையே பார்த்தாய். பிறகு மேடையிலிருந்து, "எங்க அக்கா" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விழுந்த சாவிக்கொத்து தெறித்து உன் மேடைப் பலகை இடுக்கில் போய்விட்டது. சலவைக்கூடத்துக்கு வேறு சாவி இல்லை. காலையிலிருந்து பதினோரு பேர் தெருவில் நிற்கிறோம். எடுத்து, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் கொடுத்தனுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சூப்பர்வைசர் அம்மாவின் முதுகில் வைத்து எழுதுகிறேன்.

அடிக்கிறவனின் அக்கா