வலிக்காத கால்

9 நவம்பர் 1998, திங்கள்

காலையிலிருந்து தூறல். தம்பானூர் சைட்டில் கீழ்த்தளக் கூரைக்கு அடித்த பலகை பிரிப்பு. சூப்பர்வைசர் என்ற பெயரில் என் வேலை: ஆணி பிடுங்காத பலகையைப் பார்த்துக் கத்துவது. யாரும் கேட்பதில்லை.

பதினொரு மணி. படியெல்லாம் ரத்தப் பொட்டு. யாருடையது என்று தேடிப் போனால், தச்சர் தங்கசாமி அண்ணாச்சி. செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிய ஆணியோடு பலகை சுமந்து நடக்கிறார்! காட்டினேன். "அட, ஆமாம்லா" என்றார். அவ்வளவுதான்.

அவர் மனைவி செல்லத்தாய், இங்கேயே சித்தாள். "அவருக்கு இரும்புக் காலாக்கும் மேடம்." முகமெல்லாம் பெருமை.

டி.டி. ஊசிக்கு அனுப்பினேன். எனக்கு முள் குத்தினாலே ஊரைக் கூட்டுவேன். இவருக்கு மட்டும் எப்படி?

10, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியவை: பஞ்சு, டிஞ்சர், என் குடைக்குக் கம்பி.

மதியம் அண்ணாச்சி கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துடைப்பக் குச்சியால் பெருவிரலை மெல்ல வருடினேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். திரும்பவில்லை. குத்தினேன். பேப்பரைப் புரட்டினார்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம்.

12, வியாழன்

கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரி. டாக்டர் மலையாளத்தில்: "ஷுகர் எத்ர நாளாயி?" சர்க்கரை எத்தனை நாளாக என்கிறார். அண்ணாச்சி: "எனக்கோ? எனக்கு ஒரு அசுகமும் இல்ல சாரே."

காலில் உணர்ச்சி போய்விட்டதாம். புண் தெரியாமல் முற்றினால் காலையே எடுக்க வேண்டி வருமாம். ஷூ கட்டாயம், தினமும் உள்ளங்காலைப் பார்க்கணும்.

திரும்பும் வழியில் செல்லத்தாய் செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். கேன்வாஸ் ஷூவை அவளே பார்த்து எடுத்தாள்.

16, திங்கள்

மழை இல்லை, தப்பித்தோம். மேல் கூரைக்குக் கான்கிரீட். கட்டிய கம்பிக்கு முன் பூஜை. எல்லாச் செருப்பும் ஏணியடியில். பூஜை போட்ட இடத்தில் வேலை முடியும்வரை வெறுங்கால்தான், இவர்கள் வழக்கம். அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன்.

"சாமி முன்ன ஷூவோடயா? நல்ல கத!"

செல்லத்தாய் தீர்த்துவைத்தாள். "புதுசு, மழ விடட்டும்னு எடுத்து வச்சிருந்தது, இன்னும் மண்ணு படல்ல. கும்பிட்டுட்டு மேல வச்சுப் போடட்டும்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஏணியிலிருந்து பூஜை இடம்வரை பத்தடி வெறுங்கால், அப்புறம் ஷூ.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. ஜெயித்த மிதப்பில் நானே அவரை உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். இடது ஷூவுக்குள் ரத்தம். உள்ளங்காலில் கட்டுக்கம்பித் துண்டு. அந்தப் பத்தடியில் ஏறியிருக்கிறது. அதன்மேல்தான் ஷூவை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடந்திருக்கிறார்.

செல்லத்தாய் அழுதாள்.

"எதுக்குட்டி கரையுத?" என்றார் அண்ணாச்சி. "எனக்குத்தான் வலிக்கவே இல்லியே."